வெள்ளிக்கிழமை போட்டோ

என் வேலை செக்கிங். துணிக் கம்பெனியில தைச்சு வர்ற சட்டையெல்லாம் என் மேசைக்கு வரும். டியூப்லைட் வெளிச்சத்துல விரிச்சுப் போட்டு காலர், காஜா, பாக்கெட், கைமடிப்புன்னு ஒவ்வொண்ணா பாப்பேன். எங்க கோளாறு இருக்கோ அங்க ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, தைச்சவங்ககிட்டயே திருப்பி அனுப்பிடுவேன். நல்லா இருக்கற சட்டையைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல, அது பாட்டுக்கு பேக்கிங்குக்குப் போயிடும். பேசறதெல்லாம் கோளாறைப் பத்தித்தான். இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, என்னை யாரும் கெட்ட அப்பன்னு நினைச்சிடக் கூடாது பாருங்க. நினைச்சாலும் தப்பில்ல.

என் பொண்ணு ரெண்டாம் வகுப்பு. வாரம் பூரா பிள்ளைங்க பண்ணினதை அவங்க மிஸ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெத்தவங்க குரூப்ல போட்டோவா போடுவாங்க. ஒரு வாரம் சட்டை மாட்டற ஹேங்கர்ல ரெண்டு பக்கமும் கப்பைக் கட்டித் தராசு பண்ணி, ரப்பர் கனமா சாக்பீஸ் கனமான்னு பாத்தாங்க. ஒரு வாரம் ஈரப் பஞ்சுல பயறு முளைக்க வச்சாங்க. இன்னொரு வாரம் அட்டைப்பெட்டியை அடுக்கிக் கடை போட்டு வித்தாங்க. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தா நான் முகம் கூடக் கழுவ மாட்டேன், முதல்ல போன்தான். ரெண்டு விரலால பெரிசு பண்ணி மூலை மூலையா பாப்பேன்.

ஆரம்பத்துல பாப்பா எல்லாப் படத்துலயும் இருந்தா. பக்கத்துல உக்கார வச்சுக் காட்டுவேன். "இங்க பாரு, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. வாயை ஏன் இப்படிப் பொளந்துக்கிட்டு நிக்கற? முதுகை நிமித்து. கையெல்லாம் என்ன கறை? அந்தப் பிள்ளை எவ்வளவு நறுவிசா நிக்குது பாரு." திட்டினதில்ல, கை ஓங்கினதில்ல. பெத்தவன் சொல்லாம தெருவுல போறவனா சொல்லுவான்? அவளும் "சரிப்பா, சரிப்பா"ன்னு தலையாட்டுவா.

அப்புறம் அவ படத்துல வர்றதே நின்னு போச்சு. ஒரு வாரம் இல்ல, சரி. அடுத்த வாரமும் இல்ல. அதுக்கடுத்த வாரம் இலையைக் காகிதத்துக்கு அடியில வச்சு கலர் பென்சிலால தேய்ச்ச படம். வகுப்பே இருக்கு, ஜன்னல்ல வந்து உக்காந்த காக்கா கூட இருக்கு. என் பொண்ணு இல்ல. எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துடுச்சு.

"பாத்தியா அந்த மிஸ்ஸோட நியாயத்தை? வசதியான வீட்டுப் பிள்ளையா பாத்து எடுக்குது."

என் வீட்டுக்காரி துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? முதல்ல பாப்பாகிட்ட என்னன்னு கேளுங்க."

"அவகிட்ட என்ன கேக்கறது, அது வாயில்லாப் பூச்சி."

குரூப்லயே போட்டேன். 'எல்லார் பிள்ளையும் தெரியுது. எங்க பிள்ளை மட்டும் கேமராவுக்குத் தெரியறதில்ல போல. கூலிக்காரன் பிள்ளைன்னா இளக்காரமா?' போட்ட உடனே கட்டைவிரல் கட்டைவிரலா வந்து விழுந்துச்சு. தன் பையனை எப்பவும் ஓரமாவே நிறுத்தறாங்கன்னு பேங்க்ல வேலை பாக்கற ஒருத்தர் கூடச் சேந்துக்கிட்டார். எனக்கு ஒரு தெம்பு. மிஸ் ஒரே வரிதான் போட்டாங்க: 'திங்கட்கிழமை நேர்ல வாங்க சார், பேசலாம்.'

நேர்ல போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்னு நான் சொன்னப்ப, பாப்பா என் சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டு, "வேணாம்ப்பா, மிஸ் பாவம்"னு சொன்னா. பயப்படறான்னு நினைச்சேன். ஆமா, பயம்தான்.

திங்கட்கிழமை காலையில ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டுப் போனேன். வகுப்பு வாசல்ல பிள்ளைங்களை விட வந்தவங்க நாலஞ்சு பேர் நின்னாங்க. அந்த பேங்க்காரரும் இருந்தார், என்னைப் பாத்து நல்லாக் கேளுங்கங்கற மாதிரி தலையாட்டினார். உள்ள சுவத்துக்குச் சுவர் கயிறு கட்டி, பிள்ளைங்க தேய்ச்ச இலைப் படத்தையெல்லாம் கிளிப் போட்டுத் தொங்க விட்டிருந்தாங்க. மிஸ்ஸுக்கு என் தங்கச்சி வயசு இருக்கும்.

"உள்ள வந்து உக்காருங்க சார், தனியா பேசலாம்"னாங்க.

"தனியா என்ன? எங்கிட்ட ஒளிவு மறைவு கிடையாது. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. என் பொண்ணு ஏன் போட்டோவுல இல்ல?"

அவங்க பாப்பாவைப் பாத்தாங்க. பாப்பா தரையைப் பாத்தா.

"போட்டோ எடுக்கறதே உங்க பொண்ணுதான் சார்."

ஒரு நிமிஷம் எனக்கே பெருமையா இருந்துச்சு. ஆனா வந்த வேகம் நிக்கணுமே. "நல்லா இருக்கு கதை. உங்க வேலையை அவ தலையில கட்டிட்டு, அவ விளையாட வேண்டாமா?"

"நான் கட்டல சார். அவளா வந்து கேட்டா. இந்த வாரம் வேற யாராவது எடுக்கட்டும்னு சொன்னா அழறா."

"ஏன் அழறா?"

"அதைத்தான் சார் தனியா பேசலாம்னேன்."

"பரவால்ல, சொல்லுங்க. நாங்க என்ன திருடிட்டா வந்தோம்?"

முன்வரிசையில ஒரு வாண்டு, பாப்பாவோட சிநேகிதி, முன்பல் ரெண்டும் விழுந்தது. வீட்டுல அவளை நாங்க ஓட்டைப்பல்லுன்னுதான் சொல்லுவோம். அவ எழுந்து நின்னு, பாடம் ஒப்பிக்கற மாதிரி சொன்னா. "படத்துல வந்தா அவளுக்கு வீட்ல செக்கிங் நடக்கும் அங்கிள். கேமராவைப் பிடிச்சுக்கிட்டா படத்துலயே வர வேண்டாம். நான்தான் ஐடியா குடுத்தேன்."

எனக்கு முகத்துல ஈயாடல. வாசல்ல யாரோ சிரிப்பை இருமலா மாத்தினாங்க. அந்த பேங்க்காரர் வாட்சைப் பாத்துக்கிட்டே நகந்துட்டார். பூமி பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு. ஆனா எதுவும் பொளக்கல, அந்தச் சின்ன பெஞ்சுகளுக்கு நடுவுல வளந்த மாடு மாதிரி நான் நின்னுக்கிட்டே இருந்தேன். பாப்பா அழுதிருந்தா கூடத் தாங்கியிருப்பேன். அவ என் கையைப் பிடிச்சு, "அவ சும்மா சொல்றாப்பா, நீங்க வேலைக்குப் போங்க"ன்னா. ஏழு வயசுப் பிள்ளை என் மானத்தைக் காப்பாத்தப் பாக்குது.

அன்னிக்கு மேசையில ஒரு சட்டைக்கும் அம்பு ஒட்டக் கை வரல. பாக்கெட்டே கோணலா இருந்த சட்டையை அனுப்பி விட்டுட்டேன்னு சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும்னு நின்னேன். ஒருத்தர் நம்ம குறையைச் சொல்லச் சொல்ல நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போயிருந்துச்சு.

சாயங்காலம் குரூப்ல 'தப்பு என்னோடதுதான், மிஸ் மன்னிக்கணும்'னு போட்டேன். வெள்ளிக்கிழமை கட்டைவிரல் காட்டினவங்க ஒருத்தரும் வாயைத் திறக்கல. மிஸ் மட்டும் கை கூப்பற படம் போட்டாங்க. அப்புறம் பாப்பாவை மடியில உக்கார வச்சுச் சொன்னேன். "இனிமே அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்டா கண்ணு. நீ படத்துல நில்லு. எப்படி வேணா நில்லு."

"நிஜமாவாப்பா?"

"சத்தியமா."

தலையாட்டினா. ராத்திரி சாப்பாடு போடறப்ப வீட்டுக்காரி தட்டுல எனக்கு எப்பவும் வைக்கறதை விடக் கொஞ்சம் கூட வச்சா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அந்த வாரம் உருளைக்கிழங்கைப் பாதியா வெட்டி, அதுல வடிவம் செதுக்கி, பெயிண்ட்ல தோய்ச்சு அச்சுக் குத்தற வேலை. வெள்ளிக்கிழமை குரூப்ல படம் வந்த சத்தம் கேட்டதும் செருப்பைக் கூடக் கழட்டாம போனை எடுத்தேன். இந்தத் தடவை ஓட்டைப்பல்லு எடுத்த படம்னு பாப்பா சொல்லியிருந்தா, லேசா சாஞ்சு இருந்துச்சு. பிள்ளைங்க அத்தனை பேருக்கும் மூக்குல பெயிண்ட், காதுல பெயிண்ட். ஒருத்தன் அடுத்தவன் முதுகுல அச்சுக் குத்தறான். எல்லா வாயும் பொளந்து கிடக்கு.

நடுவுல என் பொண்ணு. காலர் ரெண்டு பக்கமும் சமமா இருந்துச்சு. முதுகு நேரா. வாய் மூடியிருந்துச்சு. தலைமுடியைத் தண்ணி தொட்டுப் படிய வச்சிருந்தா. கையை ரெண்டு பக்கமும் ஒட்டி வச்சுக்கிட்டு கேமராவையே பாத்தா. அவ முன்னாடி வச்சிருந்த உருளைக்கிழங்குல பெயிண்ட்டே படல.

"நல்லா இருக்கால்ல?"ன்னு வீட்டுக்காரி எட்டிப் பாத்துக் கேட்டா. ரெண்டாவது தடவை பாத்துட்டு உள்ள போயிட்டா.

நான் ரெண்டு விரலால பெரிசு பண்ணினேன். நகத்துல பாத்தேன், முழங்கையில பாத்தேன், பாவாடை ஓரத்துல பாத்தேன். ஒரு சொட்டு பெயிண்ட், ஒரே ஒரு சொட்டு எங்கயாவது ஒட்டியிருக்காதான்னு. என் சர்வீஸ்ல ஒரு கோளாறுக்காக நான் இப்படி வேண்டிக்கிட்டுத் தேடினதில்ல.

எப்ப வந்தாளோ, முதுகுக்குப் பின்னாடி பாப்பா நின்னுக்கிட்டு இருந்தா. படத்தைப் பாக்கல, என் விரலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.

"ஒண்ணும் இருக்காதுப்பா"ன்னா. "மிஸ் அனுப்பறதுக்கு முன்னாடி நானே பெரிசு பண்ணிப் பாத்துட்டேன்."