விலகுவதற்கு ஒரு பதவி

டெனிஸ் ஹாலம் உட்கார்ந்திருந்தது, ஆறு வருஷம் அவரிடம் காரியம் கேட்டு வந்தவர்களை உட்கார வைத்த நாற்காலியில். மேஜைக்கு அந்தப் பக்கம், அவருடைய பழைய இடத்தில் ஃபியோனா ரட்லண்ட். அவர் நிதியமைச்சராக இருந்தபோது துணை அமைச்சர். அவர் அறைக்குள் நுழைந்தாலே எழுந்து நிற்பவள். இன்று அவள்தான் நிதியமைச்சர். பட்ஜெட் நாள் வேறு. பட்ஜெட் உரை வைத்த சிவப்புப் பெட்டி மேஜையோரம் தயாராக இருந்தது. அவருக்குக் கொடுத்த டீ ஆறிப்போயிருந்தது.

"உருக்காலை மானியத்தை நிறுத்துற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துடு ஃபியோனா. எங்க ஊருல வேற பொழப்பே கெடையாது."

"அச்சாகி முடிஞ்சிடுச்சு, டெனிஸ்."

"வாசிக்கப்போறவ நீதானே?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஹாலம் இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்த நாடாளுமன்றத்தில் உறுப்பினர் நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. வேலையும் சம்பளமும் இல்லாத ஒரு பழங்காலப் பதவியை நிதியமைச்சரிடம் கேட்டு வாங்கினால், உறுப்பினர் பதவி தானாகப் போய்விடும். அப்படிக் கேட்கும் மனுதான் அந்தக் காகிதம். எத்தனையோ பேருக்கு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இடைத்தேர்தல் என்றாலே அலறுகிற அரசு இது. பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டிருந்தார்.

ஃபியோனா படித்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"தொகுதி கைவிட்டுப் போயிடும். யோசிச்சியா?" என்றார்.

"நீங்க இருந்தாத்தான் போகும். மானியத்தைப் பாதியா வெட்டுனது யாரு? உங்க முதல் பட்ஜெட். அன்னிக்கு மேஜையைத் தட்டுனவங்கள்ல நானும் ஒருத்தி. புது ஆளை நிறுத்தினா, எல்லாம் ஹாலம் பண்ணின வேலைன்னு சொல்லி ஓட்டுக் கேக்கலாம்." ஒரு கணம் அவரை ஏறிட்டாள். "பொய்யும் இல்லையே."

பொய் இல்லைதான். அதுதான் வயிற்றெரிச்சல். காகிதத்தைப் பிடுங்க அவர் கை முன்னால் போனது. அதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது.

"ரொம்ப நன்றி, டெனிஸ்" என்று அவள் எழுந்தாள். இந்தத் தடவை அவரை அனுப்பிவைப்பதற்காக.

தெருவாசலின் கறுப்புக் கதவு திறந்ததும் எதிர்ச் சாரியில் காத்திருந்த பத்திரிகைக்காரர்களின் அத்தனை காமிராக்களும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. வந்தது யார் என்று பார்த்துவிட்டு அத்தனையும் இறங்கின. ஆறு பட்ஜெட்டுக்கு அவர் பெட்டியும் கையுமாக நின்று சிரித்த படி அது.

"சார், கொஞ்சம் ஓரமா வாங்க! படத்துல விழுறீங்க. மந்திரி வர்றாங்க!" யாரோ கத்தினான்.

அவர் சுவரோரம் ஒதுங்கினார். ஃபியோனா வெளியே வந்தாள், பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. ஹாலமின் வலது கை, பழக்க தோஷத்தில், பெட்டியைத் தூக்கிக் காட்டுவதுபோல மார்பு வரை உயர்ந்திருந்தது. கவனித்ததும் அவசரமாக அதைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். பை காலியாக இருந்தது.