மைனஸ் 1.2 ஆம்பியர்

1

இந்தக் கதை ஒரு ரப்பரில் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்ணின் மடியிலிருந்து ஒரு ரப்பர் உருண்டு என் செருப்பருகே நின்றது. எடுத்துப் பார்த்தால் ஒரு டியூஷன் சென்டரின் பெயர், அதன் கீழே ‘வெற்றி நிச்சயம்’. சேருகிற எல்லோருக்கும் இலவசமாம். பேனா கொடுத்துச் சேர்க்கும் சென்டர்களைத் தெரியும். அழிக்கக் கொடுத்துச் சேர்க்கும் சென்டரை அன்றுதான் பார்த்தேன்.

(ஊர்ப் பெயர்களைப் படித்ததுமே கோபுரம், பால்கோவா, வேட்டை நாய் என்று காத்திருப்பீர்கள். மூன்றையும் சொல்லியாயிற்று. போதுமா?)

2

முதலில் எழுதிய தொடக்கம்: “மாரிக்கனியின் கண்களில் மின்சாரம்—”

இதை எழுதிய கையை உடைக்க வேண்டும். அடுத்தது: “ஏழைப் பெண்தான், ஆயினும்—” ‘ஆயினும்’ வந்துவிட்டாலே கதை துண்டை விரித்துப் பிச்சைக்கு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நேராகவே சொல்கிறேன். பக்கத்து சீட்டுப் பெண் மாரிக்கனிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தளவாய்புரத்துக்காரி. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சிரைப்பு. தூசியை விட்டு வெளியே வராவிட்டால் மாத்திரை தின்று பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவில் ஓர் இடம் காலி. அவள் படிக்கும் பகுதிநேர டிப்ளமோவில் மிச்சமிருப்பது ஒரே தாள், சர்க்யூட் தியரி. இந்த முறை பாஸானால் இடம் அவளுக்கு. இல்லையென்றால் மேனேஜருக்கு வேண்டிய ஒருவருக்கு. அவருக்கு சர்க்யூட் தியரி தெரியுமா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

3

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த டியூஷனை நடத்துபவர் விக்னேஷ்வரன், பி.இ. படித்து முடித்த கையோடு சென்டர் திறந்த இளைஞர். சர்க்யூட்டைப் புரிந்துகொள்வது வெட்டி வேலை என்பது அவர் கொள்கை. படத்தைப் பார்த்ததும் என்ன டைப் என்று சொல்லத் தெரிய வேண்டும். மிச்சத்தை மனப்பாடம் பார்த்துக்கொள்ளும்.*

அன்றைய வகுப்பில் நடந்ததை மாரிக்கனி சொன்னாள். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று, ஆறு வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டும் ஒரே விளக்கோடு இணைந்திருக்கின்றன. கரண்ட் எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டித் தெரியாது. நாமாக ஒரு திசையில் அம்பு போட்டுக் கணக்கைத் தொடங்க வேண்டும். எல்லோரும் பேட்டரியிலிருந்து விளக்கை நோக்கி அம்பு போட்டார்கள். பெரிய பேட்டரிக்கு 4.8 ஆம்பியர் வந்தது. சின்னதுக்கு மைனஸ் 1.2.**

“மைனஸை அழிச்சிருங்க,” என்றார் சார். வகுப்பு முழுக்க ரப்பர்கள் வேலை செய்தன.

“எதுக்கு சார் அழிக்கணும்?” என்றாள் மாரிக்கனி.

“கரண்ட்டுல ஏது அக்கா மைனஸ்? பேட்டரின்னா குடுக்கத்தான செய்யும்? கைடுலயும் 1.2ன்னுதான் போட்டிருக்கு. பேப்பர் திருத்துறவரு அதை வச்சுத்தான் திருத்துவாரு.”

“அப்ப விளக்குக்கு எம்புட்டு போகுது?”

“3.6.”

“4.8ம் 1.2ம் சேந்தா ஆறுல்லா வருது?”

சார் கடிகாரத்தைப் பார்த்தார். “அடுத்த டைப்புக்குப் போவோம்.”

* சில விமர்சகர்களும் இதே டியூஷனில் படித்தவர்கள்தான். கதையைப் படிக்க மாட்டார்கள், டைப் சொல்லிவிடுவார்கள்.

 ** கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்தடை ஒரு ஓம், விளக்கு இரண்டு ஓம். நீங்கள் போட்டுப் பார்க்க மாட்டீர்கள் என்று தெரியும்.

4

பஸ்ஸில் அவள் அம்பைத் திருப்பிப் போட்டு மறுபடி கணக்குச் செய்துகொண்டிருந்தாள். இப்போது பிளஸ் 1.2 வந்தது.

“அண்ணாச்சி, சின்ன பேட்டரி குடுக்கவே இல்ல. பெருசுகிட்ட இருந்து வாங்குது. சார்ஜ் ஏறுது. நான் அம்பைத் தப்பாப் போட்டிருக்கேன், அதைக் கணக்கு சொல்லுது. அதைப் போயி அழிக்கச் சொல்லுதாரு.”

[இங்கே அவளைப் புகழ்ந்து ஒரு பத்தி இருந்தது. நீக்கிவிட்டேன். அவள் அதைக் கேட்கவில்லை.]

“பாஸாகணும்ல? கைடுல உள்ளபடி எழுதிட்டுப் போங்களேன்,” என்றேன். நானும் லேசுப்பட்டவன் இல்லை.

அவள் செத்த நேரம் மூச்சு வாங்கினாள். “அழிச்சா மார்க்கு வரும். பொறவு மில்லுல பேட்டரி ரூம் எங்கிட்டதான இருக்கும்? அங்க எதை அழிக்க?”

இறங்கும்போது ரப்பரை நீட்டினேன். கதை எழுதுகிறவன் என்று அதற்குள் பீற்றிக்கொண்டிருந்தேன். “நீங்களே வச்சுக்கோங்க. உங்களுக்குத்தான் அழிக்க நெறைய இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

5

முடிவு ஒன்று: மைனஸோடு எழுதுகிறாள். திருத்துகிறவர் வியந்து போய் எழுந்து— அப்படி ஒருவரைக் கற்பனை செய்ய எனக்குத் தெம்பில்லை.

முடிவு இரண்டு: அழிக்கிறாள், பாஸாகிறாள், நெஞ்சு தப்பிக்கிறது. நண்பர் தனுஷ்கோடிக்கு இதுதான் பிடித்தது. “பாவம், பொழச்சுட்டுப் போகட்டும்ப்பா. ஒரு சின்னக் கோடுதான?” நீங்களும் தலையாட்டுகிறீர்கள். நானும் அவள் அழிப்பாள் என்று அம்பு போட்டுத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். எனக்கு மைனஸில் வருகிறது.

6

தேர்வு முடிந்த பிறகு போன் செய்தேன். வைண்டிங்கில்தான் இருந்தாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே இருமல் கேட்டது.

“என்ன எழுதினீங்க?”

“வந்ததை எழுதினேன் அண்ணாச்சி.”

ரிசல்ட் இன்னும் வரவில்லை. அவள் விடைத்தாள் யாரோ ஒருவர் மேசையில் கிடக்கிறது, பக்கத்தில் கைடு திறந்திருக்கிறது. அந்த யாரோ ஒருவரை நான் எழுதப்போவதில்லை. நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காருங்கள். அவள் விடை இது:

−1.2 ஆம்பியர்

சிவப்புப் பேனா மேசையிலேயே இருக்கிறது. மார்க் போடுங்கள். ரப்பரை மட்டும் தர மாட்டேன்.