பதினோரு மணிக்குள் உள்ளே

மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் அவள் பிளக்கைச் செருகினாள். சுவிட்சைத் தட்டியதும் பழைய கணினி ஒருமுறை இருமிவிட்டு விசிறியைச் சுழற்றத் தொடங்கியது. கட்டிலில், மாவுக்கட்டுப் போட்ட இடது காலை இரண்டு தலையணைமேல் ஏற்றி வைத்திருந்த டிரைவர், "இன்னும் சூடேறணும். ராத்திரி முழுக்கக் குளிர்ல நின்ன வண்டி" என்றார். திங்கட்கிழமை காலை மணி ஒன்பது பத்து.

லோடுக்குத் தார்ப்பாய் கட்டும்போது மேலேயிருந்து விழுந்து ஏழு வாரமாகிறது. ஒரே வாரத்தில் முதலாளி லாரிக்கு வேறு ஆள் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வீடு மனைவியின் பத்து விரலில் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் கோழிக் கிறுக்கலாக எழுதித் தள்ளும் நோயாளிக் குறிப்புகளைப் படித்துத் தட்டச்சு செய்வது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக அதே வேலை, அதே நாற்காலி. போன சனிக்கிழமை கம்பெனி அந்த நாற்காலியையும் கூடத்தையும் காலி செய்துவிட்டது. அறுபது பேருக்கும் ஆளுக்கொரு பென் டிரைவும் ஒரு தாளும் கொடுத்து, இனி வீட்டிலிருந்தே வேலை என்று அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் வீட்டுக் கணினி வழியாக உள்ளே வராதவர்கள் வேலையை விட்டதாகக் கருதப்படுவார்கள் என்று தாளின் அடியில் தடித்த எழுத்தில் இருந்தது.

பென் டிரைவில் இருந்த மென்பொருள் இந்தக் கணினியில் ஏற மறுத்தது. அப்படி ஏறாதவர்களுக்குத் தாளின் பின்பக்கத்தில் வேறு வழி போட்டிருந்தார்கள். கருப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, கட்டளைகளைக் கையால் தட்ட வேண்டும்.

"இந்த வி.பி.என்.னா என்னதான் அது?"

"ஆபீஸ் வரைக்கும் நமக்குன்னு ஒரு பாதைங்க. வழியில எவனாவது எட்டிப் பாத்தாலும் உள்ள என்ன போகுதுன்னு தெரியாது."

"தார்ப்பாய் மூடின லோடுன்னு சொல்லு."

"அப்படியே வச்சுக்கங்க. தாளைப் படிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ஒரு சின்ன கோடு. பக்கத்துலயே இன்னொரு சின்ன கோடு. அப்புறம் இடம் விடாம..."

"நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்" என்றாள். ஓரக்கண்ணால் தாளைப் பார்த்து அவள் ஏற்கெனவே அந்த வரியைத் தட்டி முடித்திருந்தாள்.

ஜன்னல் பெயரைக் கேட்டது, கொடுத்தாள். கடவுச்சொல்லைக் கேட்டது, தட்டினாள். திரையில் ஒன்றுமே விழவில்லை. எழுத்தும் இல்லை, புள்ளியும் இல்லை.

"கீபோர்டு படுத்துடுச்சா?"

"இல்ல. கட்டை எல்லாம் சரியாத்தான் சத்தம் போட்டுச்சு. இது காட்டாதுபோல." எதையும் சரிபார்க்காமல் என்டரை அழுத்தினாள்.

காதாலேயே கியரைக் கண்டுபிடிக்கிற ஆள் அவர். இருந்தாலும் அவளுடைய அந்த நம்பிக்கை அவருக்கே கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருந்தது. கடவுச்சொல்லில் தப்பில்லை. ஆனால் வரிகள் மளமளவென்று ஓடி, பாதி வழியில் மல்லாந்து விழுந்தன. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தன. சூப்பர்வைசருக்கு போன் போட்டாள்.

"உங்க மிஷின் பழசும்மா. புதுசா ஒண்ணு பாத்துக்கங்க."

"பதினோரு மணிக்குள்ளயா சார்?"

"அது உங்க பாடு" என்று வைத்துவிட்டார்.

டிரைவராக இருந்தால் இந்நேரம் டயரை நாலு உதை உதைத்திருப்பார். அவள் பென்சிலை எடுத்தாள். விழுந்த வரியை எழுத்து எழுத்தாகத் தாளில் இறக்கிக்கொண்டாள். புரியாத கிறுக்கலை ஊகிக்கக் கூடாது என்பது அவள் தொழிலில் முதல் பாடம். ஊகித்தால் ஒருவருக்கு வேறொருவர் மருந்து போய்விடும். கிறுக்கலுக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"ஆபீஸ் பக்கமிருந்து ஒரு சான்றிதழ் காட்டுறாங்க. அது இன்னும் செல்லுபடியாகலைன்னு நம்ம மிஷின் சொல்லுது" என்றாள். "காலாவதி ஆயிடுச்சுன்னா புரியும். இன்னும் ஆகவே இல்லைன்னா?"

"லைசென்ஸ்ல நாளைத் தேதி போட்டுக் குடுத்த மாதிரி."

அவள் விரலைத் திரையில் வைத்து, விழுந்த வரியிலிருந்து பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனாள். வரியின் தொடக்கத்தில் விரல் நின்றது. அதற்கு மேல் வரியில் நின்றது. அதற்கும் மேல்.

"என்னங்க, எல்லா வரிக்கும் முன்னால தேதி இருக்கு. இந்த மிஷினுக்கு இன்னிக்கு எத்தனையோ வருஷத்துக்கு முந்தின ஜனவரி ஒண்ணு. நமக்குக் கல்யாணமே ஆகலை."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வண்டியை நிறுத்தினால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்பது அவருடைய இருபது வருடச் சட்டம். அதே சட்டத்தை வீட்டிலும் போட்டிருந்தார். கணினியை அணைத்தால் போதாது, பிளக்கையும் பிடுங்க வேண்டும். "உள்ள கடிகாரத்துக்குன்னு சின்னதா ஒரு பேட்டரி இருக்கும்" என்றார் மெதுவாக. "அது செத்திருக்கு. கரண்ட்டு போனதும் தேதியும் போயிடுது. தினமும் பிடுங்கச் சொன்னவன் நான்தான்."

"பிடுங்கினவ நான்தானே. விடுங்க."

தேதியை மாற்றும் கட்டளை தாளில் இல்லை. கருப்பு ஜன்னலிடமே உதவி கேட்டு, அது கொட்டிய இரண்டு பக்கத்தையும் படித்து, அதிலிருந்து ஒரு வரியைப் பொறுக்கியெடுத்தாள். இன்றைய தேதி விழுந்தது. பாதைக்கான கட்டளையை மறுபடி தட்டினாள். வரிகள் ஓடின. முன்பு விழுந்த மேட்டைத் தாண்டின, இன்னும் பத்து வரி ஓடின, நின்றன. கடைசி வரியின் கடைசிச் சொல்லை அவள் வாய்விட்டுப் படித்தாள். "கம்ப்ளீட்டட்."

மணி பத்து இருபது. ஏழு வாரத்தில் முதல் தடவையாக அவருக்குக் கால் வலி மறந்திருந்தது.

அவள் முதல் குறிப்பைத் திறந்ததும் போன் அடித்தது. கூட வேலை செய்கிறவள். "அக்கா, எனக்குப் பாதியில விழுது. புது மிஷின் வாங்கச் சொல்றாரு. எதை வித்து வாங்குறது?"

பக்கக் கணக்குக்குத்தான் அவர்களுக்குக் கூலி. போனை அணைத்துவிட்டுத் தன் பக்கங்களைத் தட்டிக்கொண்டிருக்கலாம். அவள் நடந்ததை நாலு வரியில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். ஏழு பேர் அழைத்தார்கள். ஒருத்தி உள்ளே போன மறு நிமிடமே வெளியே வந்து விழுந்திருந்தாள்.

"அதான் போயாச்சேன்னு கருப்பு ஜன்னலை மூடிட்டேன்க்கா."

"மூடினா பாதையும் மூடிக்கும் தங்கம். கீழ இறக்கி வை. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

மலை ஏற்றத்தில் எவன் வண்டியோ நின்றுவிட்டால், தன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மழையில் இறங்கி அதன் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்கிற டிரைவர்கள் உண்டு. இருபது வருடத்தில் அப்படி நாலைந்து பேரை அவர் பார்த்திருக்கிறார். அவர்களில் ஒருத்தியோடு ஒரே வீட்டில் குடியிருந்தது இப்போதுதான் தெரிந்தது. ஏழாவது ஆள் உள்ளே போனபோது மணி பத்து ஐம்பத்தெட்டு.

பகல் பன்னிரண்டுக்குக் கம்பெனியிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. அவள் விரல் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் படித்துக் காட்டினார். முதலாவது, 'நமது தொழில்நுட்பக் குழு தயாரித்த வழிமுறை'.

"அடியே, இது நீ எழுதினது. 'தேதியைப் பாருங்க தங்கங்களா'ன்னு போட்டிருந்தியே, அதைக்கூட எடுக்கலை."

"தங்கங்களான்னா சொல்றாரு சூப்பர்வைசரு?" அவள் சிரித்தாள். விரல் நிற்கவில்லை. "இன்னொண்ணு என்ன?"

இரண்டாவதை அவர் ஒருமுறை மனத்துக்குள் படித்துவிட்டுத்தான் சொன்னார். ஐந்து நிமிடம் எந்தக் கட்டையும் தட்டப்படாவிட்டால் பாதை தானாக அறுந்துவிடும். ஒவ்வொரு அறுப்புக்கும் அரை நாள் விடுப்பு என்று கூலியில் பிடிப்பார்கள்.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கடிகாரம் முளைத்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் அது ஐந்து நிமிடத்துக்குத் திரும்பியது. நிறுத்தினால் இறங்கியது. ஒன்றரை மணி வரை அவள் எழவில்லை. பிறகு இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்துக்கொண்டு தட்டினாள். அதற்கும் பிறகு, "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்றாள்.

"அஞ்சு நிமிஷம் இருக்கே, போயிட்டு வா."

"அன்னிக்குப் பாத்ரூம் தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சே, மறந்துட்டீங்களா?"

அவர் ஊன்றுகோலை எடுத்து, சுவரைப் பிடித்து, நாலடியை நாற்பது அடியாக நடந்து வந்தார். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, அவர் காலை முக்காலியில் தூக்கி வைத்தாள். "இந்த நீளக் கட்டைல ஒரு தட்டு. அப்புறம் இந்த அழிக்கிற கட்டைல ஒரு தட்டு. வேற எதையும் தொட்டுடாதீங்க." சொல்லிக்கொண்டே ஓடினாள்.

பதினாறு டன் லோடை ஒற்றைக் கையால் கொண்டைஊசி வளைவில் திருப்பியவர், ஒரே ஒரு விரலை நீட்டி அழுத்தினார். யாரோ ஒரு நோயாளியின் வாக்கியத்துக்கு நடுவில் இடைவெளி திறந்தது. அழித்தார், மூடியது. விரல் நுனி வேர்த்திருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

"தட்டுறீங்களா?" குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"தட்டிட்டுத்தான் இருக்கேன். நீ மெதுவா வா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் அவசரமாகத் தாழ்ப்பாளைத் திறக்கும் சத்தம் கேட்டது.