கரியாலூர்த் தண்ணீர்

கிருமி வளர்க்கும் பெட்ரித் தட்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்தாள் கோகிலவாணி. பாலாடைபோல் தட்டெங்கும் படர்ந்திருந்த பாக்டீரியாப் படலத்தின் நடுவே, ஊசிமுனையால் குத்தினாற்போலத் தெளிந்த வட்டங்கள் தெரிந்தன. பாக்டீரியாவை அழித்துப் பெருகும் வைரஸான ஃபேஜ், தான் புகுந்த இடத்தில் இத்தகைய வெறுமையைத்தான் விட்டுச் செல்லும். கள்ளக்குறிச்சியின் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் அப்போது அவளைத் தவிர ஒருவரும் இல்லை. ‘இங்கே பாருங்களேன்’ என்று சொல்ல வாயெடுத்தாள்; கேட்பதற்கு ஆளில்லை. குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

அந்தப் பாக்டீரியா அம்மாசியின் கால் புண்ணிலிருந்து வந்தது. மலையூரான கரியாலூரில் மரவள்ளித் தோட்டமொன்றில் கூலி வேலை பார்த்த அவர் சர்க்கரை நோயாளி. மண்வெட்டி பட்ட காயம் எந்த மருந்துக்கும் ஆறவில்லை. ஆய்வுக்கு அவருடைய ஒப்புதலைப் பெறச் சென்ற கோகிலவாணி, அந்தக் கிருமிக்கு ஓர் எமனைத் தேடப்போவதாக ஆசை ஆசையாக விளக்கிவிட்டாள். அழுக்கு நீரில்தான் ஃபேஜ்கள் மிகுதி என்பதால் அவள் சாக்கடை நீரை மொள்வதைக் கண்டு மூக்கைப் பொத்தியவர்கள் பலர். வாரந்தவறாமல் விசாரித்தவர் அவர் ஒருவரே. மாட்டுக்கொட்டகை ஓரம் தேங்கிய நீரைக் குளிர்பான பாட்டிலில் அடைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியவரும் அவரே. இன்று தெளிந்திருந்தது அந்த நீரை இட்ட தட்டு.

கைப்பேசி ஒலித்தது. அம்மாசிதான்.

“டாக்டரம்மா, இன்னா சேதி? நம்ம எமன் வந்தானா?”

“நான் டாக்டர் இல்லிங்கய்யா, எத்தினி வாட்டி சொல்றது! காலு எப்படி இருக்குது?”

“வெள்ளிக்கெழம முட்டிக்குக் கீழ எடுத்துடணுமாம். இல்லாட்டி உசுருக்கே ஆபத்தாம். எங்க வூட்டுல அழுதுகினே கெடக்குறா. நான்தான், அந்தப் பொண்ணு தேடிக்கினு இருக்குது, பொறுடீன்னு சொல்லிக்கினு இருக்கேன். நீ ஒரு வார்த்த சொல்லும்மா, நான் கையெழுத்தே போட மாட்டேன்.”

தட்டு அவள் இடக்கையில் இருந்தது. அதிலிருந்து மருந்துவரை உள்ள தூரத்தை அவள் அறிவாள். சுத்திகரிக்க வேண்டும், தீங்கற்றது என்று மெய்ப்பிக்க வேண்டும், அனுமதி பெற வேண்டும். அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். எவ்வளவு விளக்கினாலும், ‘கிடைத்துவிட்டது’ என்ற ஒரு சொல்லே அவர் காதில் நிற்கும். அதைப் பற்றிக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்கு வராமல் மலையிலேயே இருந்துவிடுவார்.

“இன்னும் கெடைக்கலிங்கய்யா. கையெழுத்துப் போட்டுடுங்க.”

மறுமுனையில் எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது.

“நான் குடுத்தனுப்பினேனே, அந்தத் தண்ணியில?”

கோகிலவாணி தட்டைப் பார்த்தாள். “அதுலயும் இல்லிங்க.”

“அட போம்மா! மாட்டு மூத்திரத்த மொண்டு அனுப்பிட்டேன் போலிருக்குது.” சிரித்தார், சிரிப்பு பாதியிலேயே நின்றது. “சரி. போட்டுடறேன்.”

வியாழக்கிழமை மாலை, பேருந்து நிலையத்துக்கு வருமாறு கண்டக்டர் அழைத்தார். துண்டில் சுற்றிய பாட்டில் ஒன்றை நீட்டினார்.

“காலையில எங்க பஸ்லதான் வந்தாரு மேடம், ஆஸ்பத்திரியாண்ட எறங்கிக்கினாரு. இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. போன வாட்டி அழுக்குத் தண்ணியா அனுப்பிட்டாராம். நேத்து நொண்டிக்கினே ஓடைக்குப் போயி, நல்ல எடமாப் பாத்து மொண்டாராம்.”

பேருந்து புறப்பட்டுச் சென்றது. அவள் துண்டை விலக்கி, பாட்டிலைக் கிடைவாக்கில் வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்தாள். ஒரு தூசும் இல்லை. அந்த நீருக்குள் பேருந்து நிலையமும், போவோர் வருவோரும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.