நான்கு ஊருக்கு ஒரே இயந்திரம்

தீயணைப்பு நிலையத்தின் மாடியில் எங்கள் அறை. மூன்று மேசை, மூன்று தொலைபேசி, சுவரை அடைத்த ஊர் வரைபடம். அவசர அழைப்பு வந்தால் எடுப்பது, பதறுகிறவர்களை அமர்த்தி விலாசம் வாங்குவது, தீயணைப்பு வண்டியையோ ஆம்புலன்ஸையோ அனுப்புவது. இருபத்தாறு வருடம் அதுதான் என் பிழைப்பு. இப்போதும் வீட்டில் போன் அடித்தால், "சொல்லுங்க, எங்கேருந்து பேசறீங்க?" என்றுதான் வாயில் வருகிறது.

அழைப்புகளைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒரு நாள் அடியோடு படுத்துவிட்டது. சின்ன ஊர், தனியாகப் புதிது வாங்க வழியில்லை. பக்கத்து ஊர்கள் மூன்றுக்கும் அதே கதி. கடைசியில் நான்கு ஊரும் சேர்ந்து ஒன்றை வாங்கி, ஆற்றுக்கு அக்கரையில் வைத்தார்கள். எல்லா அறைகளிலும் ஒரே திரை; ஒருவர் தட்டுவது எல்லாருக்கும் தெரியும். எங்கள் மூவருக்கும் கை ஒழியாவிட்டால் அழைப்பு தானாக அடுத்த ஊருக்குப் போய்விடும்.

எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "அக்கரைக்காரங்களுக்கு நம்ம சந்துபொந்து என்ன தெரியும்?" என்று மேலதிகாரியிடம் சண்டைக்கே போனேன். அக்கரையில் ஒருவருக்கு, குரலை வைத்து, 'கணீர்' என்று பேர் சூட்டியிருந்தோம். "உங்க ஊர்ல ஏம்மா நாலு தெருவுக்கு ஒரே பேரு?" என்பார். "எங்களுக்குக் குழப்பம் இல்லையே சார்" என்று வெட்டிவிடுவேன்.

ஒரு மத்தியானம் நாற்சந்தியில் பேருந்து கவிழ்ந்தது. மூன்று தொலைபேசியும் அலறின. பேருந்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணோடு நான் பேசிக்கொண்டிருந்தபோது, திரையில் புது வரி ஒன்று விழுந்தது. என் வீட்டு எண். எடுத்தது அக்கரை.

வீட்டில் என் கணவரும் நாத்தனாரும் மட்டும்தான். கணீர் தட்டிய எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: 'ஆண், ஐம்பத்திரண்டு. விழுந்துவிட்டார். மூச்சில்லை.'

"அக்கா, போனை வச்சிராதீங்க" என்று அழுதாள் பேருந்துப் பெண்.

"வைக்கலம்மா. இங்கதான் இருக்கேன்" என்றேன். அந்த வரிக்குக் கீழே ஒரு கையால் தட்டினேன்: 'முன் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். வண்டி பின் சந்து வழியாக.'

'சரி' என்று வந்தது.

எங்கள் வண்டிகள் எல்லாம் பேருந்தருகே நின்றன. அக்கரை வண்டிதான் பாலம் தாண்டிப் போனது. ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் நான் அந்தப் பெண்ணிடம் அவள் குழந்தைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். பிறகு திரையில், 'நாடி வந்துவிட்டது' என்று வந்தது. பேருந்துப் பெண்ணையும் வெளியே எடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கணீரைக் கூப்பிட்டேன். "அது என் வீடு சார்."

"நல்லவேளை சொல்லாம விட்டீங்க. தெரிஞ்சிருந்தா எனக்கு எண்ணிக்கையே தப்பியிருக்கும்" என்றார். பிறகு, "அந்தம்மா யாரு? நெஞ்சை அமுக்கச் சொல்லி நான் ஒண்ணு, ரெண்டுனு எண்ணினா, 'கணக்கு வாத்தியாரா நீ? வண்டிய அனுப்புய்யா'ன்னு என்ன திட்டு! ஆனா அமுக்கறதை ஒரு நொடி நிறுத்தலை."

"என் நாத்தனார் சார்" என்றேன். நாத்தனாரைப் பெருமையாகச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஏழு வருடம் நானும் கணீரும் ஒரே அறையில் இருப்பவர்கள் மாதிரி வேலை பார்த்தோம். எங்கள் சந்துகளை எல்லாம் அவருக்குச் சொல்லித் தந்தேன். நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, அவர் ஓய்வுபெற்ற அன்று. கணவரோடு போயிருந்தேன். ஒல்லியாக, கூச்சத்தோடு நின்றார். எனக்கும் பேச்சு வரவில்லை. "வாங்க", "சாப்பிட்டீங்களா", அவ்வளவுதான்.

வீடு திரும்பி விளக்கைப் போட்டதும் போன் அடித்தது. அவர்தான். ஒரு மணி நேரம் பேசினோம்.