நெஞ்சளவுத் தண்ணீரில்

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, எங்கள் ஏரிக்கரைக் கோடை முகாமில் பதினான்கு வயதுக்காரர்களைப் பயிற்சியில் இருக்கும் பொறுப்பாளர்கள் என்பார்கள். சம்பளம் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்குச் செருப்பு தேடிக் கொடுப்பது, கொசுக்கடிக்கு மருந்து தடவுவது, வீட்டு ஞாபகத்தில் அழுபவர்களோடு உட்கார்ந்திருப்பது எல்லாம் எங்கள் வேலை. அந்த ஜூலையில் நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். ஏழு வயதுக் குழந்தைகளை அன்னிகாவிடமும் என்னிடமும் விட்டிருந்தார்கள். அன்னிகா அதில் கெட்டிக்காரி. எந்தப் பிள்ளை எதற்குப் பயப்படும் என்று இரண்டே நாளில் தெரிந்துவைத்திருந்தாள்.

பிள்ளைகள் ஏரியில் இறங்கும் நீச்சல் துறையில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் எழுதிய மரவில்லை ஒன்று அதில் தொங்கும். தண்ணீரில் இறங்கும்போது சிவப்புப் பக்கம், ஏறியதும் வெள்ளைப் பக்கம் திருப்ப வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை பலகைக்குக் காவல் நான்தான். ஒரு படகு கயிறு அவிழ்ந்து நகர்வதைப் பார்த்து, அதை இழுத்துக் கட்டப் போனேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

எல்லோரும் கரையேறிய பிறகு முப்பத்தொன்று மட்டும் சிவப்பாகவே இருந்தது. எங்கள் ஏழு வயதுக் குழந்தைகளில் ஒருவனான தியோவின் எண் அது.

காலீன் மூன்று முறை நீளமாக விசில் ஊதினாள். நீச்சல் துறைக்கு அவள்தான் தலைவி, வயது இருபது. நீச்சல் காவலர்கள் ஆழத்தில் குதித்தார்கள். ஒருத்தி குடில்களைப் பார்க்க மேட்டில் ஓடினாள். சின்னப் பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போய், கவனம் திரும்பட்டும் என்று பாட வைத்தார்கள். நாங்கள் எட்டுப் பேரும் கைகளைக் கோத்துக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கினோம். பாதத்தால் அடிமண்ணைத் துழாவிக்கொண்டே நடக்க வேண்டும். காலில் எது பட்டாலும் நின்று குரல் கொடுக்க வேண்டும். எங்கள் ஏரித் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறம். முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாது.

என் வலப்பக்கம் அன்னிகா. பாதி தூரம் போயிருப்போம். அவள் கை திடீரென்று என் கையை இறுக்கியது. அரை அடி தயங்கினாள். அவளுக்கு மறுபக்கம் கை கோத்திருந்த ஆள் இழுக்கவும் நகர்ந்துவிட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் எதிரே இருந்த மிதவைக் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. மேட்டிலிருந்து பிள்ளைகள் பாடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

கயிறுவரை போய்த் திரும்பும்போது மேலே மணியடித்தார்கள். தியோ கிடைத்துவிட்டான். தண்ணீரில் அவனுடைய முன்பல் விழுந்திருக்கிறது. அதைத் தொலைத்துவிடக் கூடாதென்று குடிலுக்கு ஓடி, தலையணைக்கடியில் வைத்துவிட்டு, ஈர உடையோடு போர்வைக்குள் சுருண்டு தூங்கிப்போயிருக்கிறான். நாங்கள் தேடியது மொத்தம் பதினொரு நிமிடம்.

பலகையில் யார் இருந்தது என்று காலீன் கேட்டபோது நான் கை தூக்கினேன். இனி நீச்சல் துறைப் பக்கம் வராதே, மீதி நாளெல்லாம் சமையலறையில் வேலை என்றாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அன்னிகா அன்று எதுவும் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்ட எல்லோரிடமும் தலைவலி என்றாள்.

மறுநாள் காலை, சிற்றுண்டிக்கு முன்பே என்னைத் தேடி வந்தாள். "காலீன் கிட்ட ஒண்ணு சொல்லணும். நீயும் வா, டெஸ்மண்ட்" என்றாள்.

காலீன் துறையின் மரமேடையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நேத்து வரிசையில போறப்ப என் கால்ல என்னமோ பட்டுது. மெத்துன்னு, துணி மாதிரி. நான் நிக்கல."

காலீன் கயிற்றைக் கீழே வைத்தாள். "ஏன்?"

"நின்னா அது அவன்தான்னு ஆயிடும்னு தோணுச்சு. மிதிச்சுட்டுப் போயிட்டேன்."

எந்த இடம் என்று கேட்டுவிட்டுக் காலீன் தண்ணீரில் இறங்கினாள். மூன்று முறை முங்கினாள். மூன்றாவது தடவை அவள் கையில் பழுப்பாக ஒன்று வந்தது. சின்னப் பிள்ளை போடும் கம்பளிச் சட்டை. எந்த வருஷத்திலோ யாரோ தொலைத்தது. பாசி படிந்திருந்தது. அதை மேடைமேல் போட்டுவிட்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆழம் குறைஞ்ச பக்கம் நீங்க பாக்குறீங்கன்னு நம்பித்தான் நான் அங்க தேடாம ஆழத்துக்குப் போனேன், அன்னிகா."

அன்னிகா அழவில்லை. தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"அவ தயங்குனது எனக்குத் தெரியும். நானும் கேக்கல" என்றேன். காலீன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அன்னிகாவும் என்னோடு சமையலறை வேலைக்கு வந்தாள். வீட்டுக்குப் போவதானால் அனுப்புகிறோம் என்றார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தியோவின் அம்மா காரில் வந்தார். நடந்ததை முகாமில் அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் கம்பளிச் சட்டை விஷயத்தை அன்னிகாதான் போய்ச் சொன்னாள். ஈரக் கையை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்தபடி அவர் எதிரே நின்றாள். அந்தம்மா கார்ச்சாவியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"இத எங்கிட்ட நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"ஆமா."

"உனக்கு என்ன வயசு?"

"பதினாலு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரவாயில்லை என்றோ மன்னித்தேன் என்றோ சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய், தியோ வாட்டிய பாலாடைக்கட்டி ரொட்டியை ஓட்டைப் பல்லோடு தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவனைக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தார். இன்னும் படகுச் சவாரி பாக்கி என்று அவன் அடம்பிடித்தான். கடைசியில் அவனை விட்டுவிட்டுத் தனியாகவே கிளம்பினார்.

கார் போகும் சத்தம் ஓய்ந்த பிறகும் அன்னிகா சமையலறை வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, நான் தேய்த்துக்கொண்டிருந்த பெரிய அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.