எத்தனை தையல்

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எத்தினி தையலு?"

பூங்கொடி சேலையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுவாள். வயிற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்து பிளாஸ்திரிகள். நான்கு, விரல் நகத்தின் அகலம். தொப்புளுக்குக் கீழே இருந்தது மட்டும் சுண்டுவிரல் நீளம். வந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள். நிமிரும்போது முகத்தில் ஓர் ஏமாற்றம் இருக்கும். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறி வந்தது இதற்குத்தானா என்பது போல.

"இவ்ளோதானா?" என்றாள் எதிர்வீட்டு வரலட்சுமி. அவளுக்குச் செங்கல்பட்டில் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள். "எனக்கு இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி. இருவத்திரண்டு தையலு. மூணு மாசம் படுத்த பாயிலயே கெடந்தேன். நீ இன்னாடான்னா மகாராணி மாரி நடந்துகினுகீற."

பூங்கொடி சிரித்து வைத்தாள்.

அவளுக்கு வயிற்றில் புற்றுநோய். செங்கல்பட்டில் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். சென்னையில் டாக்டர் ஸ்ரீதேவி அவள் இரைப்பையில் முக்கால் பங்கை ரோபோ வைத்து எடுத்தார். அதற்கு முன்தினம் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"மிஷின் தானா ஒண்ணும் செய்யாதும்மா. நான் பக்கத்துல உக்காந்து ஆட்டுவேன், அது ஆடும். உள்ள செய்ய வேண்டிய வேலை எப்படிப் பண்ணாலும் அதேதான். மேல கிழிக்கறதுதான் குறையும். ரத்தம் கம்மி, வலி கம்மி. மறுநாளே நடப்பீங்க. நாலாவது வாரம் கீமோ ஊசி மருந்து ஏத்த ஆரம்பிச்சுடலாம். எனக்கு அதுதான் முக்கியம்."

மறுநாளே நடந்தாள். ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று எடை நாற்பத்தேழு கிலோ.

"நாற்பத்தஞ்சுக்குக் கீழ போகாதீங்க" என்றார் டாக்டர். "போனா மருந்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். அப்புறம் புண்ணு சீக்கிரம் ஆறி என்ன பிரயோஜனம்? கொஞ்சம் கொஞ்சமா ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிடணும். அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது."

வீட்டைப் பார்த்துக்கொள்ளப் புதுப்பட்டினத்திலிருந்து நாத்தனார் கண்ணகி வந்திருந்தாள். பூங்கொடியின் கணவன் தர்மராஜுக்கு அக்கா. இரண்டு மாதம் தங்க வேண்டியிருக்கும் என்று நான்கு சேலையும் தலையணையும் எடுத்து வந்தாள். வந்த மூன்றாம் நாள், பூங்கொடி தானே குளித்துத் தலை துவட்டுவதைப் பார்த்தாள். அன்று சாயந்திரமே பேச்சு மாறிவிட்டது.

"கொசு கடிச்ச மாரி கீது. இதுக்கு நான் குடும்பத்தை வுட்டுட்டு வந்துகீறேன்."

"உள்ள எடுத்திருக்காங்க அண்ணி."

"யாரு கண்டா? பொம்மை வெச்சு ஆபரேசனாம். நல்லா காதுல பூ சுத்துறாங்க."

கண்ணகி கெட்டவள் இல்லை. சமையலை நேரத்துக்கு முடிப்பாள். காலை பத்துக்கு ஒன்று, மதியம் இரண்டுக்கு ஒன்று, ராத்திரி ஒன்று. அவளுக்குத் தெரிந்த வேளை அவ்வளவுதான். பதினோரு மணிக்குப் பூங்கொடி டப்பாவைத் திறந்து பிஸ்கெட் எடுத்தால் திரும்பிப் பார்ப்பாள். "இப்பத்தானே துன்ன?" என்பாள். நாலு மணிக்கும் அதே. பூங்கொடிக்கு அந்தப் பார்வையில் டப்பாவை மூடிவிடத் தோன்றும். மூடிவிடுவாள்.

அதை ஈடுகட்ட ஒரு நாள், மதியம் போட்ட சோற்றை முழுக்கச் சாப்பிட்டாள். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்தது. நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தாள். அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கண்ணகி சொன்னாள்: "துன்னு முடிச்சதும் படுக்கை. இன்னா சொகுசு."

வீட்டில் இரண்டு மாடுகள். காலையில் பால் கேனைத் தெருக்கோடியில் இருந்த சொசைட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். பத்துக் கிலோ இருக்கும். இரண்டு வாரம் கண்ணகிதான் தூக்கினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு. மூன்றாம் வாரம் சனிக்கிழமை, கேனைப் பூங்கொடியின் காலடியில் வைத்தாள். "நடக்கத் தெரியுதுல்ல? நீ போ."

பூங்கொடி அதில் பாதிப் பாலைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு இரண்டு நடையாகப் போனாள். சொசைட்டியில் ஆள் குறைந்திருந்தது. அங்கே பால் அளக்கும் வெங்கடேசனிடம் கேட்டுவிட்டு, பால் நிறுக்கும் தராசில் ஏறி நின்றாள்.

"இன்னாக்கா, உன்னையும் கறந்துடலாமா?" என்றான் அவன்.

நாற்பத்தைந்து கிலோ, இருநூறு கிராம். ஊசி மருந்துக்கு ஆஸ்பத்திரி போக ஆறு நாள் இருந்தது.

தூக்கை ஆட்டியபடி வீட்டுக்கு நடந்தாள். சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருந்த பென்டிரைவ் நினைவுக்கு வந்தது. ஆபரேஷன் முழுக்க அதில் பதிவாகியிருந்தது. கேட்டவர்களுக்குக் கொடுப்பார்கள். பூங்கொடி கேட்டு வாங்கினாள். ஆனால் பார்க்கவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை.

காட்டாததற்குக் காரணம் தர்மராஜ்.

எடுத்த வயிற்றை ஒரு தட்டில் வைத்து, வெளியே இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அது வழக்கம். அவன் பார்த்தேன் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டான். "உங்க வீட்டுக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கினார்க்கா" என்று நர்ஸ் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். பூங்கொடி அவனிடம் அதைக் கேட்கவில்லை. ஊருக்கு வந்ததும், வாசலில் நாலு பேர் விசாரித்தபோது, "கண்ணால பார்த்தேன்பா" என்றான். கல்பாக்கம் ஷிப்டுக்கு இருபது வருஷமாக வேன் ஓட்டுபவன். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டியவன் என்று பெயர். படத்தைப் போட்டால் அவனிடம் விவரம் கேட்பார்கள்; அந்தப் பெயரை அவள் கெடுக்க விரும்பவில்லை.

மறுநாள் ஞாயிறு. தர்மராஜ் வீட்டில் இருந்தான். வரலட்சுமியும் வந்து உட்கார்ந்திருந்தாள். பூங்கொடி பதினோரு மணிக்கு டப்பாவைத் திறந்தாள்.

"தம்பி, நீயே பாரு" என்றாள் கண்ணகி. "வயித்தை எடுத்தவ துன்ற தீனியா இது? வயித்தை எடுத்தா எங்க போவுது இவ்ளோவும்?"

"டாக்டர் சொல்லிகீறாங்கக்கா."

"டாக்டர் சொல்லுவாங்க. நீ பார்த்தியா இல்லியா? அதைச் சொல்லு."

"பார்த்தேன்."

"எப்டி இருந்துச்சி?"

தர்மராஜ் டிவியைப் பார்த்தான். அது அணைந்திருந்தது. "ஈரலாட்டம். கருப்பா."

வரலட்சுமி தலையாட்டினாள். கண்ணகி டப்பாவை எடுத்து மூடி அலமாரியில் வைத்தாள்.

பூங்கொடி தர்மராஜைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. நாற்பத்தைந்து, இருநூறு என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து போய்ப் பென்டிரைவை எடுத்து வந்து டிவியில் செருகினாள்.

முதலில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ பளபளத்தது. பிறகு மூன்று மெல்லிய இரும்புக் கைகள் வந்தன. நுனியில் மணிக்கட்டு போல மடங்கின, திரும்பின. ஒன்று கொழுப்பைத் தூக்கிப் பிடித்தது. ஒன்று அதிலிருந்து ரத்தக்குழாயைப் பிரித்தது. வேர்க்கடலைத் தோலை உரிப்பது போல, அவசரமில்லாமல். எதுவும் நடுங்கவில்லை.

"யாருது?" என்றாள் வரலட்சுமி.

"என்னுதுதான்."

"ரத்தமே காணம்" என்றாள் கண்ணகி. "கோழி அறுத்தாக்கூட இதவிட வரும்."

"அதுக்குத்தான் அண்ணி அந்த மிஷினு."

பூங்கொடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடையது என்று தோன்றவில்லை. யார் வீட்டுக்குள்ளேயோ எட்டிப் பார்ப்பது போல இருந்தது. அங்கே வேலை நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

படத்தை ஓட்டி நகர்த்தினாள். வயிறு முழுதாகத் தெரிந்தது. வெளுத்த ரோஜா நிறத்தில், ஈரமாக. ஒரு கருவி வந்து அதைக் குறுக்கே கவ்வியது. விட்டபோது இரண்டாக இருந்தது. பெரியது ஒரு பைக்குள் போனது. மேலே மிச்சம் நின்றது ஒரு கைப்பிடி அளவுகூட இல்லை. இரும்புக் கைகள் குடலை இழுத்து வந்து அதனோடு சேர்த்து, ஊசி கோத்துத் தைக்க ஆரம்பித்தன. தையல் வரிசையாக விழுந்தது. பத்து, பதினைந்து. வரலட்சுமி எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

கண்ணகி தம்பி பக்கம் திரும்பினாள். "டேய் தர்மா. ஈரலாட்டம் கருப்பான்னு சொன்ன?"

அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "கண்ண மூடிக்கினேன்க்கா."

யாரும் சிரிக்கவில்லை. வரலட்சுமி உலையை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பினாள். கண்ணகி அடுப்படிக்குப் போனாள். தர்மராஜ் மட்டும் எழுந்திருக்கவில்லை. மீதியைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தான். கண்ணைச் சிமிட்டும்போதெல்லாம் தலையை ஒருமுறை உலுக்கிக்கொண்டான்.

மறுநாள் காலை கேனைக் கண்ணகி தூக்கினாள். "நீயும் வா" என்றாள். வழியில் வேறு பேச்சில்லை. சொசைட்டியில் பாலை நிறுத்து முடித்ததும் கேனைத் தராசிலிருந்து இறக்கினாள்.

"ஏறு."

பூங்கொடி ஏறினாள். நாற்பத்தைந்து, நூறு.

"செருப்பக் கழட்டிட்டு ஏறு. டாக்டரம்மா செருப்போடயா நிறுப்பாங்க?"

செருப்பைக் கழற்றி ஏறினாள். நாற்பத்து நான்கு, தொள்ளாயிரம்.

"இன்னும் எத்தினி நாளு கீது?"

"நாலு."

கண்ணகி இடுப்பில் செருகியிருந்த சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். உள்ளே நெய் தடவிய இரண்டு இட்லி. காலி கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள்.

"குந்து. மெதுவா துன்னு."

"யக்கா, லைன் நிக்குது" என்றான் வெங்கடேசன்.

"நிக்கட்டும்."

பூங்கொடி உட்கார்ந்து, முதல் விள்ளலை வாயில் வைத்து மென்றாள். வரிசையில் இருந்தவர்கள் கேனைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.